ஐந்துக்கும் ஏழுக்கும் நடுவில்

மாதிரிப் பலகையில் இருந்த மனிதர்கள் எல்லோரும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மூத்தவர் காலை எட்டரைக்கு அலுவலகக் கூடத்தைத் திறந்து, வழக்கம்போல முதலில் சுவரில் இருந்த அப்பாவின் படத்தின் முன் நின்று, அது கோணாமல் தொங்குகிறதா என்று சட்டத்தின் ஓரத்தை விரலால் தொட்டுப் பார்த்து, குடையை மூலையில் சாத்திவிட்டுத் திரும்பியபோதுதான் அதைக் கவனித்தார். கூடத்தின் நடுவே, இரண்டு கட்டில்களைச் சேர்த்துப் போட்டது போன்ற அகலத்தில், புறநகரில் எழப்போகும் புதிய குடியிருப்பு முழுவதும் வெள்ளை அட்டையில் நின்றது. கீழே கடை, மேலே வீடு என்று நான்கு மாடி வரிசைகள். அவற்றுக்குப் பின்னால் பள்ளிக்கூடம், மருந்தகம், நூலகம், பேருந்து நிற்கும் இடம். எந்த வீட்டிலிருந்து கிளம்பினாலும் பத்து நிமிட நடையில் பாலும் படிப்பும் வைத்தியமும் கிடைக்கவேண்டும் என்று மூன்று வருடம் உட்கார்ந்து கோடு போட்ட குடியிருப்பு அது. மறுநாள் காலை பத்து மணிக்கு அனுமதிக் குழுவின் முன் அதை வைக்கவேண்டும்.

தெருக்களில் இருநூறு வெள்ளை மனிதர்கள் இருந்தார்கள், ஒவ்வொருவரும் அரை விரல்கணு உயரம். நேற்று மாலை அவர் கூடத்தைப் பூட்டியபோது அவர்கள் கடைக்குப் போனார்கள், குழந்தையின் கையைப் பிடித்துச் சாலையைக் கடந்தார்கள், பெஞ்சில் உட்கார்ந்து பேசினார்கள். இன்று அத்தனை பேரும் பிரதான சாலை வளைகிற இடத்துப் புல்வெளியைப் பார்த்து நின்றார்கள். பெஞ்சில் இருந்த கிழவர்கூட இடுப்பை ஒடித்துத் திரும்பியிருந்தார்.

"நீ இவங்களையெல்லாம் திருப்பி வெச்சியா?" என்று கேட்டார், அப்போதுதான் உள்ளே வந்த பெண்ணிடம். அந்த மாதிரி முழுவதையும் செய்தவள் அவள்தான். சின்ன வயதில் தீப்பெட்டிகளை ஒட்டி வீடு கட்டி விளையாடியவள் என்பதால் அலுவலகத்தில் அவளுக்குத் தீப்பெட்டி என்றே பெயர்.

"யாரை சார்?"

"ஆளுங்களை."

அவள் பையைத் தோளிலிருந்து இறக்காமலே குனிந்து பார்த்தாள். "நான் எப்படி சார் திருப்ப முடியும்? ஒவ்வொருத்தர் காலையும் பசையில முக்கி ஒட்டியிருக்கேன். திருப்பினா கால் உடைஞ்சு கையோட வந்துடும். எங்க வீட்டுக்காரர் மாதிரி சார், ஒரு இடத்துல உட்கார்ந்தா அவ்வளவுதான்." சிரித்தவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள். "இது என்ன சார், புல்லுல?"

புல்வெளியில், கடுகளவில், நான்கு மண் உருண்டைகள் இருந்தன. ஈரமாக.

"உங்க தம்பி, சின்னவர் வேலையா இருக்கும் சார். சைட்லேருந்து வந்து கையைக்கூட கழுவாம தொட்டிருப்பார்."

மூத்தவர் கைக்குட்டையால் அவற்றைத் துடைத்தெடுத்தார். குனியும்போதும் முதுகு வளையாதவர் அவர். அதனால்தான் ஊழியர்கள் தனக்கு ஸ்கேல் என்று பெயர் வைத்திருக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியும். அதில் அவருக்கு உள்ளூரப் பெருமைதான். அப்பா தொடங்கிய அலுவலகம், அப்பாவின் பெயரைத் தாங்கிய பலகை, அறுபது வயது வரை அந்தப் பெயரில் ஒரு தூசு விழாமல் பார்த்துக்கொண்ட மகன். குடியிருப்பை எழுப்பும் கம்பெனி அந்தப் புல்வெளியின் நடுவே ஒரு மணிக்கூண்டு கட்டுவதாக ஒப்புக்கொண்டிருந்தது. அந்த மணிக்கூண்டுக்கு அப்பாவின் பெயர் வைக்கப்போகிறார்கள். அந்தச் சேதி வந்த அன்று, ஐம்பது வருடமாக யார் முன்னும் கலங்காத அவருடைய கண்கள் கலங்கின.

அந்த இடத்தில் எதுவும் கட்டவேண்டாம், வெறும் புல்லாகவே இருக்கட்டும் என்று அவர் ஒரே ஒரு முறை சொல்லிப் பார்த்தார். கடிதத்தில் அப்பாவின் பெயரைப் படித்ததும் அதற்குமேல் சொல்லவில்லை.

கைக்குட்டையை மடித்தபோது ஒரு வாசனை வந்தது. மழைக்குப் பிறகு வரும் மண்வாசனை இல்லை. வெளிச்சமே படாத ஆழத்து மண், அதில் நெடுநாள் ஊறிய மரம், அதற்கும் அடியில் இன்னும் ஏதோ ஒன்று.

அவருக்கு அந்த வாசனையைத் தெரியும்.

பதினோரு மணிக்குத் தம்பி சைட்டிலிருந்து பேசினான். அவருக்குப் பதினெட்டு வயது இளையவன். அப்பா போனபின் அவரே தோளில் தூக்கி வளர்த்து, இன்ஜினியரிங் படிக்கவைத்து, முதல் மூக்குக்கண்ணாடி வாங்கிக்கொடுத்த பிள்ளை. இப்போது நாற்பத்திரண்டு வயதாகிறது. ஆனாலும் அண்ணனிடம் பேசும்போது குரலில் ஒரு பத்து வயதுப் பையன் வந்து உட்கார்ந்துகொள்வான்.

"அண்ணா, உங்க லிஸ்ட்ல ஒரு குழி விட்டுப்போச்சு. மண்ணு டெஸ்ட்டுக்கு ஒண்ணுலேருந்து அஞ்சு, அப்புறம் நேரா ஏழு. ஆறு எங்கண்ணா?"

"நம்ம ஆபீஸ்ல ஆறு கிடையாது. அப்பா காலத்து வழக்கம். எந்த சைட்லயும் போடறதில்ல."

"எப்பவும் இதைத்தான் சொல்றீங்க. ஆறு என்ன பாவம் பண்ணிச்சு அப்பாவுக்கு?" சிரித்தான். "நாளைக்குக் குழுவுல மணிக்கூண்டு அஸ்திவாரத்துக்கு மண்ணு ரிப்போர்ட் எங்கன்னு கேட்டா, எங்கப்பாவுக்கு ஆறு ஆகாதுன்னா சொல்றது? அவர் பேர்ல கட்டற கூண்டு, அதுக்கே மண்ணு பாக்கலைன்னா ஊர் சிரிக்கும். அதான் நேத்து சாயங்காலமே மெஷின் வெச்சுத் தோண்டிட்டேன். புல்வெளிக்கு நட்டநடுவுல. பன்னெண்டு அடி."

மூத்தவர் பலகையின் பக்கம் திரும்பினார். நேற்று சாயங்காலம். பலகையில் இருநூறு முகங்கள் அதே இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"அண்ணா, கேக்கறீங்களா? மத்த குழியில எல்லாம் மண்ணு கெட்டி. இதுல மட்டும் கலைஞ்சு கிடக்கு. யாரோ முன்னாடியே தோண்டி மூடியிருக்காங்க. அப்பா இந்த நிலத்துக்கு அந்தக் காலத்துல ஒரு பிளான் போட்டாரே, அப்ப நீங்களும் கூட இருந்தீங்க இல்ல? ஏதாவது தெரியுமா?"

"தெரியாது."

"அடியில மரம் ஒண்ணு நீட்டிட்டு இருக்கு. ஏணிக் கால் மாதிரி."

"மூடிடு. ரிப்போர்ட் நான் எழுதிக்கறேன்."

"பாக்காம எப்படிண்ணா எழுதறது?"

"சொன்னா கேளு."

"சரி சரி. மெஷின்காரர் சாப்பிட்டு வரட்டும்," என்றான் தம்பி. அவன் இந்தக் குரலில் சரி சொன்னால், செய்யமாட்டான் என்று பொருள். வளர்த்தவருக்கு அது தெரியும்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினார். தீப்பெட்டி பலகையை விட்டு இரண்டடி தள்ளி, கையில் பசைக்குப்பியோடு நின்றிருந்தாள்.

"சார், நீங்க துடைச்சீங்கதானே?"

புல்வெளியில் நான்கு உருண்டைகளும் திரும்ப வந்திருந்தன. இப்போது அவற்றுக்குக் கீழே தோள் இருந்தது.

"என் ஆளுங்க எல்லாரும் காகிதம் சார். நான் மண்ணுல ஆளே செய்யறதில்ல." அவள் பசைக்குப்பியை மேசைமேல் வைத்தாள். மூடிகூடப் போடவில்லை. "எனக்குத் தலை வலிக்குது. நாளைக்குக் காலையில சீக்கிரமா வந்துடறேன்."

அவள் படி இறங்கும் சத்தம் வேகமாகப் போய் மறைந்தது. கூடத்தில் அவரும் அப்பாவின் படமும் மட்டும் இருந்தார்கள்.

முப்பத்தெட்டு வருடத்துக்கு முன்பு அவருக்கு இருபத்திரண்டு வயது. அதே நிலம். தோண்டிய குழிகளின் பக்கச் சுவருக்கு முட்டுக்கொடுக்கும் பலகைகள் வந்து சேரவில்லை. ஒரு நாள் வேலை நிற்கும் என்றார்கள். சொன்ன தேதியில் வேலையை முடிக்காத பழக்கம் நம் குடும்பத்தில் இல்லை என்று அப்பா சொன்னார். பலகை இல்லாமலே ஆறாம் குழியில் நான்கு பேர் இறங்கினார்கள். எங்கோ தூரத்திலிருந்து முந்தின நாள்தான் வேலைக்கு வந்தவர்கள். அவர்களின் பெயரை அவர் கேட்டுக்கொள்ளவில்லை. மழை பிடித்தது. மற்றவர்கள் கொட்டகைக்கு ஓடினார்கள். மண் சரிந்தபோது பெரிய சத்தம்கூட இல்லை. யாரோ நீளமாக மூச்சு விட்டது போலத்தான் இருந்தது.

பிறகு, உள்ளேயிருந்து, ஏணியின் மரத்தில் தட்டும் சத்தம்.

மூன்று தட்டு. சற்று இடைவெளி. மூன்று தட்டு.

அப்பா அரைமணி நேரம் குழியின் ஓரத்தில் அசையாமல் நின்றார். கொட்டகை கூப்பிடு தூரத்தில் இருந்தது. அவர் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் பத்துப் பேர் வருவார்கள், பலகை எங்கே என்று கேட்பார்கள். கடைசியில் மகனின் பக்கம் திரும்பி ஒரே ஒரு வார்த்தை சொன்னார்.

"மூடு."

மகன் மண்வெட்டியை எடுத்தான். முதல் மண் விழுந்தபோதும் தட்டு நிற்கவில்லை. ஐம்பதாவது மண் விழுந்தபோதும் நிற்கவில்லை. நால்வரும் வேலை பிடிக்காமல் ஓடிவிட்டார்கள் என்று அன்றிரவு அப்பா கொட்டகையில் சொன்னார். அப்பாவின் வார்த்தைக்கு மேல் யாரும் பேசவில்லை. மறுநாள் வரைபடத்தில் நேர்ச்சாலை வளைந்து ஒரு புல்வெளியைச் சுற்றிக்கொண்டு போனது. குழிகளின் பட்டியலில் ஐந்துக்குப் பிறகு ஏழு வந்தது. அந்தத் திட்டம் ஏதோ காரணத்தால் நின்றுபோனது. முப்பத்தைந்து வருடம் கழித்து நிலம் அவர் கைக்கே திரும்பி வந்தபோது, அவரும் அப்பாவின் வளைவை அப்படியே வைத்தார். வளைவு இருந்தால் வண்டிகள் வேகம் குறையும், குழந்தைகள் பயமில்லாமல் சாலையைக் கடப்பார்கள் என்று காரணம் எழுதினார். எல்லோரும் பாராட்டினார்கள்.

மூன்று மணிக்கு வானம் இருண்டது. மழை முதலில் ஜன்னல் தகரத்தின்மேல் ஒன்றிரண்டாக விழுந்து, பிறகு மூச்சுவிடாமல் கொட்டியது. மின்சாரம் நின்றது. விசிறி கடைசிச் சுற்றைச் சுற்றி ஓய்ந்ததும், மழைச் சத்தத்துக்கு உள்ளே இன்னொரு சத்தம் இருப்பது கேட்டது. குழாய் சொட்டுகிறது என்று நினைத்தார். எழுந்துபோய்ப் பார்த்தார். குழாய் காய்ந்திருந்தது. ஜன்னல் கொக்கி ஆடுகிறது என்று நினைத்தார். அதைப் பிடித்து அழுத்தினார். சத்தம் நிற்கவில்லை.

மூன்று தட்டு. இடைவெளி. மூன்று தட்டு.

பலகையின் அடியிலிருந்து.

முழங்காலில் உட்கார்ந்தார். பல வருடங்களாக அவர் உட்காராத விதம். பலகையின் கீழே பார்த்தார். நான்கு மரக்கால்கள், தூசி, உருண்டுபோன ஒரு பென்சில். வேறு எதுவும் இல்லை. கையை நீட்டிப் பலகையின் அடிப்பாகத்தைத் தொட்டார். சில்லென்றிருந்தது. மரத்தின் உள்ளேயிருந்து, அவருடைய உள்ளங்கைக்கு நேராக, யாரோ தட்டினார்கள்.

கையை இழுத்துக்கொண்டார். விரல்களில் ஈர மண்.

எழுந்தார். புல்வெளியில் நால்வரும் இடுப்பு வரை வெளியே வந்திருந்தார்கள். கைகள் இருந்தன. கைகள் மேலே நீண்டிருந்தன. முகம் என்று எதுவும் இல்லை, வாய் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு பள்ளம் மட்டும் இருந்தது.

தம்பியின் எண்ணை அழைத்தார். மூன்றாவது மணியில் எடுத்தான். மழையில் கத்திப் பேசினான்.

"அண்ணா, நானே கூப்பிடணும்னு இருந்தேன். இந்தக் குழியில யாரோ இருக்காங்கண்ணா."

"அங்கேருந்து தள்ளி நில்லு."

"சத்தம் கேக்குது. மரத்துல தட்டற மாதிரி. மூணு மூணா. நாய் ஏதாவது விழுந்துடுச்சோ, இல்ல வேலையாள் யாராவது வழுக்கிட்டாங்களோ தெரியல. மெஷின்காரரைக் கயிறு எடுத்துட்டு வரச்சொல்லி அனுப்பியிருக்கேன்."

"இறங்காதே."

"ஏண்ணா?"

"இறங்காதேன்னா இறங்காதே."

"உள்ள உயிர் இருக்குண்ணா. காரணம் சொல்லுங்க, கேக்கறேன்."

காரணம் அவர் நாக்கின்மேல் இருந்தது. நான்கு வார்த்தை போதும். அவர் நிமிர்ந்தார். எதிர்ச் சுவரில் அப்பா, வெள்ளைச் சட்டையில், கழுத்துப் பொத்தான் வரை போட்டுக்கொண்டு அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வாசலில் அப்பாவின் பெயர்ப் பலகை மழையில் நனைந்துகொண்டிருந்தது. நாளை பத்து மணி. மணிக்கூண்டு. தம்பி அப்பாவைத் தெய்வமாக நினைத்து வளர்ந்தவன். அப்படி வளர்த்தது அவர்தான்.

"காரணம் எல்லாம் கிடையாது. பெரியவன் சொல்றேன்," என்றார்.

மறுமுனையில் ஏணியைக் குழிக்குள் இறக்கும் சத்தம் கேட்டது.

"அப்பா இருந்தா இறங்கியிருப்பார்ணா," என்றான் தம்பி. வருத்தமாகத்தான் சொன்னான். "போன் பாக்கெட்லதான் இருக்கும். பேசிட்டே இருங்க. ரெண்டு நிமிஷம்."

துணியில் உரசும் சத்தம். ஏணி கிரீச்சிடும் சத்தம். ஒரு படி. இன்னொரு படி. தம்பியின் மூச்சு. "யாரது? பயப்படாதீங்க, வந்துட்டேன்." இன்னொரு படி. பிறகு அவன் குரல் மாறியது, பத்து வயதுப் பையனின் குரலாக. "அண்ணா. இங்க கை..."

நீளமாக ஒரு மூச்சு.

மழை நின்றது போல இருந்தது. நிற்கவில்லை. போனுக்குள் மட்டும்தான் மழை இல்லை.

"தம்பி."

கைப்பேசியைக் காதோடு அழுத்தினார்.

"டேய். தம்பி."

மேசைமேல் அலுவலகத் தொலைபேசி அலறியது. இடது காதிலிருந்து கைப்பேசியை எடுக்காமலே அதை எடுத்து வலது காதில் வைத்தார்.

"சார், நான் மெஷின் ஓட்டறவன். சின்னவரோட நம்பர் கிடைக்கல, அதான் இதுக்கு அடிச்சேன்." மூச்சு வாங்கிக்கொண்டே பேசினான். "சின்னவர் கயிறு கேட்டார், எதுக்குன்னு சொல்லல. எடுத்துட்டு வரதுக்குள்ள குழி சரிஞ்சுபோச்சு சார். சின்னவர் இங்க இல்ல. மழைக்கு வண்டிக்குள்ள போய் உட்கார்ந்துட்டாரா, கிளம்பிட்டாரா, ஒண்ணும் தெரியல. குழியோட ஓரம் இன்னும் விரியுது. ரோட்டையும் இழுத்துக்கும் போல. மூடிடவா?"

வலது காதில் மழையும் எஞ்சினும்.

இடது காதில், மூன்று தட்டு. இடைவெளி. மூன்று தட்டு.

இந்தத் தட்டு வேறு. சின்ன வயதில் தம்பி அண்ணனின் அறைக் கதவைத் தட்டுவான். அதே தட்டு.

"சார்? என்ன பண்ணட்டும்?"

உள்ளே ஆள் இருக்கு. அவ்வளவுதான் சொல்லவேண்டும். வாயைத் திறந்தார். நாக்கு அசையவில்லை. வாய் நிறைய ஈர மண்ணின் ருசி. பல்லுக்கு இடையில் மணல். தொண்டையில் ஊறிய மரத்தின் வாசனை. ஆள். ஆள் இருக்கு. சுவரில் படம் கோணாமல், நேராக, மிக நேராக.

"மூடு."

அப்பாவின் குரல். அசைந்தது அவருடைய உதடு.

"சரிங்க சார்."

"இல்ல..." என்றார். அந்தச் சொல்லுக்குக் குரல் வரவில்லை. வலது பக்கத் தொடர்பு துண்டிக்கப்பட்டிருந்தது.

இடது காதில் தூரத்தில் எஞ்சின் உறுமியது. தலைக்கு மேலே எங்கோ மண் விழுந்தது. தட்டு வேகமானது. இன்னொரு முறை மண் விழுந்தது. தட்டு நிற்கவில்லை. அவருக்குத் தெரியும். ஐம்பதாவது மண்ணுக்கும் நிற்காது.

மெதுவாகத் திரும்பினார்.

பலகையில் இருநூறு வெள்ளை மனிதர்களும் இப்போது அவரைப் பார்த்து நின்றார்கள். புல்வெளியில் நால்வரும் கால்வரை வெளியே வந்து, வட்டமாகக் கூடி, குனிந்து கீழே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் நடுவே புல் லேசாக விரிந்தது. கடுகளவில், ஈரமாக, ஐந்தாவது தலை எழும்பி வந்தது.

அது மூக்குக்கண்ணாடி போட்டிருந்தது.